அன்னவாசலுக்கு ஜெனீவா எதற்கு என்பவர்களுக்கு

சட்டமெல்லாம் இருக்கிறது, அமல்படுத்தத்தான் ஆளில்லை. தொழிலாளர் விவகாரம் எதை எடுத்தாலும் நம் பக்கத்தில் பேச்சு கடைசியில் இந்த வாக்கியத்தில் வந்து உட்காரும். கோர்ட் வாசல் டீக்கடையில் வக்கீல்கள் சொல்வார்கள், தொழிற்சங்க மேடையில் தோழர்கள் சொல்வார்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள் பத்திரிகையில் எழுதுவார்கள். ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் சண்டையில்லாமல் ஒத்துப்போகிற அபூர்வமான இடம் அது.

அதனால்தான் நீதிபதிகளுக்கும் வழக்கறிஞர்களுக்கும் சர்வதேசத் தொழிலாளர் தரங்களில் பயிற்சி என்று வாயெடுத்தாலே எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு நமட்டுச் சிரிப்பு வருகிறது. ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, அதாவது ஐஎல்ஓ, இத்தாலியின் டூரின் நகரில் ஒரு பயிற்சி மையம் வைத்திருக்கிறது. நீதிபதிகள், வழக்கறிஞர்கள், சட்டப் பேராசிரியர்களுக்கென்றே அங்கே பல ஆண்டுகளாக வகுப்பு நடக்கிறது. அதுபோல ஒன்றை நம் மாவட்ட அளவில், தமிழில் நடத்தலாமே என்றால், “அன்னவாசல்ல கல்லு உடைக்கிறவனுக்கு ஜெனீவா எதுக்குய்யா?” என்று கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானதுபோலத்தான் ஒலிக்கிறது. ஆனால் அதன் அடியில் ஒரு தவறான கணக்கு இருக்கிறது: சட்ட அறிவு ஒரு பக்கம், அமலாக்கம் இன்னொரு பக்கம், முதலாவது நம்மிடம் நிறைய இருக்கிறது, இரண்டாவதுதான் குறை என்கிற கணக்கு. சோம்பலும் லஞ்சமும் அரசியல் அழுத்தமும் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அவை இல்லாத இடத்திலும் அமலாக்கம் தவறுகிறதே, அது எப்படி? நேர்மையான அதிகாரி, முறையான விசாரணை, சட்டப் புத்தகம் மேஜை மேலேயே இருக்கிறது. அப்படியும் தொழிலாளி தோற்றுப் போகிறார். எதிரே வந்து நிற்பது இன்னதென்று அடையாளம் காண அந்த அதிகாரிக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

மாதிரிக்கு ஒரு விசாரணையை எடுத்துக்கொள்வோம். அன்னவாசல் வட்டாரம் புதுக்கோட்டை மாவட்டத்தின் இலுப்பூர் வருவாய்க் கோட்டத்தில் வருகிறது. குவாரியிலோ செங்கல் சூளையிலோ கொத்தடிமையாக இருக்கிறோம் என்று ஒரு குடும்பம் மனுக் கொடுத்தால் விசாரிப்பவர் ஆர்.டி.ஓ. அல்லது அவர் அனுப்புகிற தாசில்தார். எந்த மாவட்டமானாலும் கேள்விகள் பெரும்பாலும் இந்தத் தடத்தில்தான் போகும்.

“பூட்டி வச்சிருந்தாங்களா?”

“இல்லீங்கய்யா.”

“அடிச்சாங்களா?”

“இல்லீங்க.”

“பொங்கலுக்கு ஊருக்குப் போனியா?”

“போனேங்கய்யா. பெரிய பயல இங்கயே விட்டுட்டுப் போகச் சொன்னாங்க.”

“சம்பளம்?”

“வாரா வாரம் செலவுக்குக் குடுப்பாங்க. கணக்கு மேஸ்திரிகிட்ட இருக்கு. ரேசன் கார்டும் அவருகிட்டதான்.”

“எவ்வளவு வாங்கின?”

“தங்கச்சி கல்யாணத்துக்கு நாப்பதாயிரம்.”

அறிக்கை மூன்று வரியில் முடியும். மனுதாரர் முன்பணம் பெற்று வேலை செய்து வருகிறார்; பண்டிகைக்குச் சொந்த ஊர் சென்று வந்துள்ளார்; அடைத்து வைக்கப்பட்டதாகவோ தாக்கப்பட்டதாகவோ தெரியவில்லை. ஆகவே கொத்தடிமை அல்ல. பெரிய பயலை விட்டுவிட்டுப் போகச் சொன்ன பாதி வாக்கியம் காகிதத்தில் ஏறாது. ரேஷன் கார்டும் ஏறாது. அவற்றை விட்டுவிட்டு எழுதுகிறவர் கெட்ட எண்ணத்தில் விடவில்லை. அவை சாட்சியம் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

கட்டாய உழைப்பை அடையாளம் காண ஐஎல்ஓ பதினொரு அறிகுறிகளை வகுத்திருக்கிறது. கடனால் பிணைப்பது, கூலியை நிறுத்தி வைப்பது, அடையாள ஆவணங்களைப் பிடுங்கி வைத்துக்கொள்வது, நடமாட்டத்தைக் கட்டுப்படுத்துவது எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. மேலே உள்ள நாலைந்து பதில்களில் இந்த நான்கும் வந்துவிட்டன. அடி உதை அந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்று. நம் விசாரணைகள் அந்த ஒன்றையும் பூட்டுச் சாவியையும் தேடி அலைகின்றன.

“இதற்கு ஐஎல்ஓ எதற்கு, நம் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறதே” என்பார்கள். சொல்லியிருக்கிறது, அழகாகவே சொல்லியிருக்கிறது. 1982-ல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் நீதிபதி பகவதி, குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் வேலை செய்கிறார் என்றால் அதுவே அரசியல் சாசனத்தின் 23-ஆவது பிரிவு தடுக்கிற கட்டாய உழைப்பு என்றார். வறுமையின் நெருக்குதலும் நெருக்குதல்தான் என்றார். 1983-ல் பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில், கட்டாய உழைப்பு என்று காட்டிவிட்டாலே அதன் பின்னால் கடனோ முன்பணமோ இருப்பதாக அனுமானித்துக்கொள், இல்லையென்று நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு என்றார். அது ஃபரீதாபாத் கல்குவாரி வழக்கு என்பதை நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டும். 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவும் நிரூபிக்கிற சுமையைக் கடன் கொடுத்தவர் தலையில்தான் வைக்கிறது.

இவ்வளவும் நாற்பது ஆண்டுகளாக இருக்கின்றன. அதிகாரியின் முதல் கேள்வி இன்னும் “பூட்டி வச்சாங்களா?” என்றுதான் வருகிறது என்றால், தீர்ப்பு இருப்பதும் தீர்ப்பைக் கையாளத் தெரிவதும் ஒன்றல்ல என்றுதானே அர்த்தம்? பயிற்சி வேண்டாம் என்பவர்கள் தங்கள் கட்சிக்கு எடுத்துக்காட்டுகிற தீர்ப்புகளே பயிற்சி எவ்வளவு அவசியம் என்பதற்குச் சாட்சி.

இன்னொரு சாட்சியும் உண்டு. தமிழ்நாட்டுக் கொத்தடிமைகளைப் பற்றி 1985-ல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் சுப்ரீம் கோர்ட்டில் போட்ட வழக்கு 2012-ல்தான் முடிந்தது. அந்த வழக்கில் நீதிமன்றம் அமைத்த ஆணையர்கள் 1995-ல் கொடுத்த அறிக்கை, மாநிலத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கொத்தடிமைகள் இருப்பதாகச் சொன்னது. அடுத்த ஆண்டு மாநில அரசு தானே கணக்கெடுத்தபோது கிடைத்தது ஏறத்தாழ 25,000 பேர். அதே மாநிலம், அதே சட்டம், இடைவெளி ஓர் ஆண்டு. அரசு வேண்டுமென்றே குறைத்தது என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். கொஞ்சம் குறைத்தும் இருக்கலாம். ஆனால் நாற்பது மடங்கு வித்தியாசம் வெறும் பொய்யால் வராது. ஆணையர்கள் எதைக் கொத்தடிமை என்று எண்ணினார்களோ, அதை வருவாய்த் துறை அப்படி எண்ணவில்லை.

நம் வட்டாரத்துக் கதை ஒன்று இதில் சேரும். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், கல்லுடைக்கிற பெண்களுக்கே குவாரிகளைக் குத்தகைக்குக் கொடுத்தார். அறிவொளி இயக்கமும் சைக்கிள் பழகிய பெண்களுமாக மாவட்டமே வேறு மாதிரி இருந்த காலம். அதுவரை கான்ட்ராக்டரிடம் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்த குடும்பங்களில் பல, குழுவாகச் சேர்ந்து தாங்களே குத்தகைதாரர்கள் ஆயின. அன்னவாசலுக்குப் பக்கத்துக் குடுமியான்மலைப் பெண்களைப் பற்றிப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். பெண்கள் கையில் முதன்முறையாகக் காசு நின்றது. கான்ட்ராக்டர்கள் சும்மா இருப்பார்களா? மிரட்டினார்கள், முட்டுக்கட்டை போட்டார்கள். கலெக்டர் மாறிப் போன பிறகு அந்த ஏற்பாடு மெல்லத் தேய்ந்தது.

‘அமலாக்கம்தான் தேவை’ என்பவர்கள் இதைத் தங்கள் பக்கத்துச் சான்றாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்: பார், ஒரு நல்ல கலெக்டர் வந்தால் போதும்! எனக்கு இது நேர் எதிராகப் படுகிறது. ஒரு நல்ல அதிகாரி கொடுத்ததை அடுத்த அதிகாரி எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பெண்களின் விடுதலை வழக்காடி வென்ற உரிமையாக உறைந்திருந்தால் எடுப்பது அவ்வளவு சுலபமாக இருந்திருக்காது. அதை உரிமையாக வாதாடத் தெரிந்த வக்கீலும், உரிமையாகப் பார்க்கத் தெரிந்த நடுவரும் வேண்டும். நல்ல கலெக்டருக்காகக் காத்திருப்பது ஒரு கொள்கையாகாது.

சட்டம் படித்தவர்கள் எடுக்கிற ஆட்சேபம் வேறு. இந்தியா ஒப்புதல் கொடுத்த உடன்படிக்கையானாலும் நாடாளுமன்றம் சட்டமாக்காத வரை அது இங்கே தானாகச் செல்லுபடியாகாது. 1980-ல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யரே சொல்லிவிட்டார். பிறகு எதற்கு முன்சீபுக்கு அந்தப் பாடம்? பாதி சரி. மீதிப் பாதியை விட்டுவிடுகிறார்கள். சர்வதேசச் சட்டத்துக்கும் உடன்படிக்கைக் கடமைகளுக்கும் மதிப்பளிக்கச் சாசனத்தின் 51-ஆவது பிரிவு சொல்கிறது. 1997-ல் விசாகா வழக்கில், உள்நாட்டுச் சட்டம் மௌனமாக இருந்த இடத்தைப் பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையைக் கொண்டு சுப்ரீம் கோர்ட் நிரப்பியது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு 2013-ல் சட்டம் வரும்வரை பதினாறு ஆண்டுகள் அந்தத் தீர்ப்புத்தான் சட்டம். 1999-ல் ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சில் வழக்கில், உள்நாட்டுச் சட்டத்தோடு முரண்படாத வரை சர்வதேச உடன்படிக்கைகளைக் கருத்தில் கொள்வது நீதிமன்றங்களின் கடமை என்றே சொல்லப்பட்டது. ஆசிய விளையாட்டு வழக்கிலும் இதே வேலை நடந்தது. சிறுவர் வேலைச் சட்டத்தின் பட்டியலில் கட்டுமானத் தொழில் அப்போது இல்லை; ஐஎல்ஓவின் 59-ஆம் உடன்படிக்கையை நீதிமன்றம் எடுத்துக் காட்டியது. நேரடியாகச் செல்லாது என்பதற்கும் பயன்படாது என்பதற்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்பதுதான் அந்த வகுப்பில் சொல்லித் தருகிற பாடமே.

(இடையில் ஒன்று. இந்தியா 1921-ல் ஒப்புக்கொண்ட ஐஎல்ஓவின் முதலாம் உடன்படிக்கை, வேலை நேரத்தைப் பற்றியது. அதில் வாரம் 60 மணி நேரம் என்ற தனிச் சலுகை ‘பிரிட்டிஷ் இந்தியா’வுக்கு என்று எழுதியிருக்கிறது. புதுக்கோட்டை அப்போது தனிச் சமஸ்தானம். 1948-ல் இணையும் வரை அந்த உடன்படிக்கை சமஸ்தான எல்லையில் நின்றுவிட்டது. ஜெனீவா நமக்குத் தூரம் என்று சொல்ல அந்தக் காலத்துத் தொண்டைமான் சீமைக்காரருக்கு நியாயம் இருந்தது. நமக்கு இல்லை. கட்டாய உழைப்பைத் தடுக்கிற 29-ஆம் உடன்படிக்கையை இந்தியா 1954-லேயே ஒப்புக்கொண்டது.)

அந்த 29-ஆம் உடன்படிக்கையின் 25-ஆவது பிரிவை, அமலாக்கம் அமலாக்கம் என்பவர்கள் ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். கட்டாய உழைப்பு வாங்குவது தண்டனைக்குரிய குற்றமாக இருக்க வேண்டும். தண்டனை உண்மையிலேயே போதுமானதாக இருக்கிறதா, கண்டிப்பாக அமல்படுத்தப்படுகிறதா என்று உறுதி செய்வது உறுப்பு நாட்டின் கடமை என்கிறது அது. அவர்கள் கேட்கிற அமலாக்கமே அந்தத் தரத்துக்குள் கடமையாக உட்கார்ந்திருக்கிறது. நம் 1976 சட்டம் போடக்கூடிய அதிகபட்ச அபராதம் இன்றும் 2,000 ரூபாய்தான். அதுவும் போதுமா என்று கேட்க வைப்பது ஜெனீவாக் காகிதம்தான். நம் சட்டம் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளாது.

அரைகுறையாகத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு உச்ச நீதிமன்றத்திலிருந்தே உதாரணம் உண்டு. 1995-ல் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் வழக்கில் மிக நல்ல தீர்ப்பு வந்தது; ஆரோக்கியமாக வேலை செய்வதும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. அதில் ஐஎல்ஓவின் 162-ஆம் உடன்படிக்கையைக் குறிப்பிட்டு, இந்தியா அதில் கையொப்பமிட்ட நாடு என்கிற தொனியில் எழுதியிருக்கிறார்கள். ஐஎல்ஓ உடன்படிக்கைகளில் நாடுகள் கையெழுத்துப் போடுவதில்லை, ஒப்புதல்தான் அளிக்கின்றன. 162-க்கு இந்தியா ஒப்புதல் அளிக்கவும் இல்லை. தீர்ப்பின் முடிவு சரி என்பதால் இதைப் பெரிதுபடுத்தக் கூடாது என்பார்கள். எதிர்த்தரப்பில் விவரம் தெரிந்த வக்கீல் ஒருவர் இருந்தால் இந்த ஒரு பிழையைப் பிடித்துக்கொண்டே அடுத்த வழக்கில் அந்தத் தீர்ப்பை ஆட்டிப் பார்ப்பார்.

அதைவிட மோசம் மௌனம். 2003-ல் தமிழ்நாட்டில் வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 1,70,000 அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒட்டுமொத்தமாக வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். டி.கே. ரங்கராஜன் வழக்கில் சுப்ரீம் கோர்ட், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்று தீர்ப்பளித்தது. ‘தார்மீக’ வரை போனவர்கள், சங்க உரிமை பற்றி உலகம் அரை நூற்றாண்டாகச் சேர்த்து வைத்திருந்த தரங்களை எடைபோட்டுப் பார்க்கவில்லை. சி.ஐ.டி.யு. பிறகு அந்தப் பிரச்சினையை ஐஎல்ஓவின் சங்கச் சுதந்திரக் குழுவுக்குக் கொண்டு போனது; தமிழ்நாட்டு அத்தியாவசியப் பணிகள் சட்டத்தைத் திருத்தச் சொல்லிக் குழு பரிந்துரைத்தது. சங்க உரிமைக்கான 87, 98-ஆம் உடன்படிக்கைகள் இரண்டையும் இந்தியா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ளாத நாட்டின் மீதும் அந்தக் குழு புகார் கேட்கும், உறுப்பு நாடாக இருந்தாலே போதும். இந்தச் சின்ன விவரம் நம் மாவட்ட பாரில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.

இதெல்லாம் மேல்கோர்ட் சமாச்சாரம், கீழே எதற்கு என்று அடுத்துக் கேட்பார்கள். கொத்தடிமை வழக்கில் எல்லாமே கீழேதான் நடக்கிறது. சட்டத்தின் 21-ஆவது பிரிவு, வருவாய்த் துறையின் செயல்துறை நடுவருக்கே நீதித்துறை நடுவரின் அதிகாரம் கொடுக்க இடம் வைத்திருக்கிறது. அதாவது சட்டப் படிப்பே இல்லாத ஒருவர் நீதிபதி இடத்தில் உட்காரலாம். விடுதலையான ஆணுக்கு ஒரு லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் இரண்டு லட்சம், கடத்தல் போன்ற கொடிய நிலைகளில் மூன்று லட்சம் என்று மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டம் சொல்கிறது. உடனடி உதவியாக ஒரு சிறு தொகை கிடைக்கும். முழுத்தொகை வழக்கின் முடிவோடு கட்டப்பட்டிருக்கிறது. கீழே வாக்குமூலம் சரியாகப் பதிவாகவில்லை என்றால் தண்டனை இல்லை. தண்டனை இல்லையென்றால் பணமும் இழுபறிதான். மதுரைக் கிளைக்கோ டெல்லிக்கோ மேல்முறையீடு போனாலும், பதிவாகாத ரேஷன் கார்டை அங்கே யாரும் கண்டுபிடித்துத் தர முடியாது.

முதலாளிகள் ஓடிவிடுவார்கள் என்ற பயமுறுத்தலுக்கு அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. ஏற்றுமதி செய்கிறவர்கள் வெளிநாட்டு வாங்குவோருக்கு எழுதிக் கொடுக்கிற நடத்தை விதிகளில் ஐஎல்ஓ தரங்கள்தான் இருக்கின்றன. 2022-ல் திண்டுக்கல்லில், ஒரு தலித் பெண் தொழிலாளியின் கொலைக்குப் பிறகு, பெண்கள் தலைமையிலான சங்கமும் ஆடை நிறுவனமும் உலக பிராண்டும் சேர்ந்து பாலின வன்முறையைத் தடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. கம்பெனிக்குப் புரிகிற பாஷை கோர்ட்டுக்குப் புரியக் கூடாது என்று வாதாடுவது விசித்திரமாக இருக்கிறது. சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 2024-ல் ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்து, ஐகோர்ட் வரை போய், 2025 ஜனவரியில்தான் சங்கத்தைப் பதிவு செய்ய முடிந்தது. ஆலை ஓடிப் போய்விடவில்லை.

நீதிபதி நடுநிலையாளர், அவருக்குத் தொழிலாளர் பக்கத்துப் பாடம் நடத்தலாமா என்று கேட்கிற நண்பர்களும் உண்டு. ஐஎல்ஓவின் ஒவ்வொரு உடன்படிக்கையும் அரசு, முதலாளி, தொழிலாளி மூன்று தரப்பும் உட்கார்ந்து வாக்களித்து உருவானது. நம் நாடாளுமன்றச் சட்டங்களில் எதற்கு அந்தப் பெருமை உண்டு?

இப்போது இந்த விவாதம் இன்னும் அவசரமாகியிருக்கிறது. 29 சட்டங்களை விழுங்கிய நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. பழைய தொழிலாளர் நீதிமன்றத்தின் இடத்தில் வருகிற தொழில் தீர்ப்பாயத்தில் நீதித்துறை உறுப்பினர் ஒருவர், நிர்வாக உறுப்பினர் ஒருவர். ஆய்வாளர், ‘ஆய்வாளரும் வசதி செய்து தருபவரும்’ ஆகிவிட்டார். முன்னறிவிப்பின்றி எந்த நேரமும் ஆலைக்குள் நுழைய ஆய்வாளருக்கு உரிமை வேண்டும் என்கிற 81-ஆம் உடன்படிக்கையை இந்தியா ஒப்புக்கொண்டது 1949-ல். இரண்டும் உரசுகிற இடங்கள் வழக்காக வரும். புதுச் சட்டத்துக்கு இன்னும் முன்தீர்ப்புகள் சேரவில்லை. முதலில் எழுதப்படுகிற தீர்ப்புகள்தான் அடுத்த முப்பது ஆண்டுக்கு எடுத்துக்காட்டாக நிற்கும். வாழ்நாளெல்லாம் கோப்பு பார்த்துவிட்டு வந்து அந்த நாற்காலியில் உட்காரப் போகிற நிர்வாக உறுப்பினர் எதைப் படித்துவிட்டு உட்காருவார்?

பேரூராட்சித் தூய்மைப் பணியாளர்களையும் நினைத்துப் பாருங்கள். அன்னவாசலும் ஒரு பேரூராட்சிதான். 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில், பல ஆண்டுகள் தற்காலிகமாகவே வைத்திருந்து வெளியே அனுப்பப்பட்ட மத்திய அரசு அலுவலகத் துப்புரவுப் பணியாளர்களை நிரந்தரமாக்கிய சுப்ரீம் கோர்ட், ஐஎல்ஓவைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. அந்தத் தீர்ப்பை எடுத்துக்கொண்டு பத்துப் பதினைந்து வருடமாக ஒப்பந்தத்தில் குப்பை அள்ளுகிற ஒருவருக்காக மனுத் தயாரிக்க வேண்டியவர், தாலுகா சட்டப் பணிகள் குழுவின் பட்டியலில் இருக்கிற இளம் வக்கீல். அவர் டூரினுக்குப் போக வேண்டாம். மாநில நீதித்துறை அகாடமிக்கு மதுரையிலேயே மண்டல மையம் இருக்கிறது. அவரையும் உதவி அரசு வழக்கறிஞரையும் ஆர்.டி.ஓ.வையும் ஒரே அறையில் இரண்டு நாள் உட்கார வைக்கலாம், தமிழில். நேரமில்லை, வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன என்றுதான் அடுத்துச் சொல்வார்கள். 1985-ல் போட்டு 2012-ல் முடிந்த வழக்கைப் பற்றி மேலே எழுதியிருக்கிறேன்.